பயணமா மருந்து?

"ஓவியம் வரவில்லையா? தூரிகையை வைத்துவிட்டு எங்காவது போய் வா, உற்சாகம் தானாக வரும்" என்று வாதிடுபவர்கள் ஓவியர் ஹென்றி மத்தீஸைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கை ஓடாமல் தவித்த அவர் 1930-இல் தாஹித்தி தீவுக்குப் போனது உண்மைதான்.

ஆனால், அங்கே அவர் ஏறக்குறைய எதுவும் தீட்டவில்லை. கொண்டுவந்தவை கோட்டுச் சித்திரங்களும் புகைப்படங்களும்தான்.

முடிச்சை அவிழ்த்தது வேலை. அதே ஆண்டு அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் ஆல்பர்ட் பார்ன்ஸ், மெரியனில் இருந்த தன் காட்சிக்கூடத்துக்குப் பெரிய சுவரோவியம் ஒன்று கேட்டார். 'நடனம்' என்ற அந்தப் படத்தில் உருவங்களை ஓயாமல் இடம் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அழித்துத் தீட்டுவதற்குப் பதில், வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, கித்தானில் ஊசியால் குத்தி நகர்த்திப் பார்த்தார் மத்தீஸ். சுவரின் அளவு தவறிப்போனதால் முழுப் படத்தையும் புதிதாகத் தொடங்கினார். 1933-இல்தான் அது சுவரேறியது.

1941-இல் நடந்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் நிற்கவே சிரமப்பட்டவருக்கு அந்தக் கத்தரிக்கோல் கைகொடுத்தது. தாஹித்தியின் கடலும் வானமும் 1946-இல் படமானதும் அதே காகித வெட்டில்தான். இளம் ஓவியர்களை ஊர்சுற்றச் சொல்பவர்கள், இடையில் கிடந்த அந்தப் பதினாறு ஆண்டு உழைப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.