தூய்மைக்கு யார் சொந்தக்காரர்?

வீட்டில் முதலுதவிப் பெட்டிக்குள் இருக்கிற மண்ணிறப் போத்தலை எல்லாருக்கும் தெரியும். காயத்தில ஊத்தினால் நுரைக்கும். (இப்ப காயத்துக்கு இதை அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை, அது வேற கதை.) உள்ளே இருப்பது 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு, மிச்சம் கிட்டத்தட்ட தண்ணிதான். வெளிச்சம் பட்டால் இது நீராகவும் ஒட்சிசனாகவும் உடையும், அதுக்குத்தான் அந்த மண்ணிறம். துளி இரும்போ செம்போ கலந்தாலும் வேகமாக உடையும். செறிவான கரைசலை இறுக்கி மூடினால் போத்தல் வீங்கும், அதனால் காற்றுப்போகிற மூடி போடுவார்கள். இந்தப் பொருளில் தூய்மை, போத்தல், பாவனை மூன்றையும் பிரித்துப் பேச ஏலாது.

கலைப்பீடத்துக்காரருக்கு இதில என்ன வேலை எண்டு கேட்பீர்கள். எங்கட கேள்வி சட்டம் பற்றியது. தெரிந்த ஒரு பொருளையே "இன்னும் தூயதாக்கிவிட்டோம்" என்று காட்டினால் அதுக்கு ஆக்கவுரிமை குடுக்கலாமா?

ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் மேன்முறையீட்டுச் சபை 1998இல் பொதுவாக இல்லை என்றது. ஒரு சிறு மூலக்கூற்றுச் சேர்வையும் அதைச் செய்யும் முறையும் வெளியாகிவிட்டால், அதன் எல்லாத் தூய்மை நிலைகளும் வெளியானதாகவே கொள்ளவேண்டும் என்பது அதன் வாதம். சுத்திகரிப்பு இரசாயனவியலாளரின் அன்றாட வேலைதானே. 2018இல், உயர் குருதி அமுக்கத்துக்கான ஒரு மருந்து தொடர்பான வழக்கில், சபை இதை மாற்றியது. அந்தத் தூய்மை முன்பு உண்மையிலேயே வெளியாகியிருக்கவேண்டுமாம். ஆக்கத்திறன் இருக்கா என்ற சோதனை பிறகும் உண்டு, சரி. ஆனாலும் முதல் கதவு திறந்துவிட்டது.

எங்களுக்கு 1998தான் பிடிக்கிறது. பேரொட்சைட்டு உடையாமலிருக்க யாராவது புதிய நிலைப்படுத்தி கண்டால், புதுவிதமான மூடி செய்தால், உரிமை குடுங்கள். உழைப்பு அந்த வழியில் இருக்கிறது. 99.5 என்ற எண்ணுக்கு வேலி போட்டால், வேறு வழியால் அங்கே வந்து சேருகிறவனும் வெளியே நிற்கவேண்டி வரும்.

இதே திரவம் இன்னொரு இடத்தில் எப்படி நடத்தப்பட்டது என்று பாருங்கள். ஜெனீவா வைத்தியசாலையின் டிடியே பித்தே, கைதேய்ப்புத் திரவத்தின் சூத்திரத்தை ஆக்கவுரிமை எடுக்காமல் உலக சுகாதார நிறுவனத்துக்குக் குடுத்துவிட்டார். 10 லீற்றருக்கு 96 சதவீத எதனோல் 8333 மில்லிலீற்றர், 3 சதவீதப் பேரொட்சைட்டு 417, கிளிசரோல் 145, மிச்சத்துக்குக் காய்ச்சி வடித்த நீர், அல்லது கொதித்தாறிய தண்ணி. பேரொட்சைட்டு கையைச் சுத்தமாக்க இல்லை. அற்ககோலிலும் திரும்பப் பாவிக்கிற போத்தல்களிலும் ஒட்டியிருக்கும் பற்றீரிய வித்திகளைக் கொல்லத்தான். அதுக்காக நிரப்பிய போத்தல்களை 72 மணித்தியாலம் ஒதுக்கி வைக்கச் சொல்கிறது வழிகாட்டி. அந்த மூன்று நாளுக்கும் யாரும் உரிமைக் கட்டணம் கேட்பதில்லை.