தறி நின்ற நாளுக்கு யார் கூலி?

என் விசிட்டிங் கார்டில் ‘சஸ்டெய்னபிள் டெக்ஸ்டைல் டிசைனர்’ என்று இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘கம்யூனிட்டி என்கேஜ்மென்ட்’. ஏழு வருடமாக இந்த இரண்டையும் வைத்துத்தான் சோறு சாப்பிடுகிறேன். ஆகவே கீழே வரும் திட்டில் முதல் பங்கு எனக்குத்தான்.

சென்னிமலைப் பக்கம் ஒரு நெசவாளர் வீடு. அவுரி நீலத்தில் படுக்கை விரிப்புக்குப் புது டிசைன் கொண்டுபோனேன். டிசைன் மாறினால் பாவு மாற வேண்டும். இழைகளை விழுதிலும் அச்சிலும் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். கூலியோ நெய்த துணிக்கு மட்டும்தான். கோத்த நாளுக்குக் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிய அந்த வீட்டு அக்காவுக்கும் கிடையாது.

பெரியவர் கேட்டார்: “தம்பி, நாலு நாளு தறி நிக்குதுங்க. நீங்க மாதிரி பாக்கறதுக்கு நாங்க பட்டினி கெடக்கோணுங்களா?”

அந்த நாலு நாளும் எனக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுவனத்திடம் கேட்டேன். “ஆர்டர் வரட்டும், பார்த்துக்கலாம்” என்றார்கள். ஆர்டர் வரவில்லை. மாதிரித் துணி மட்டும் என் போர்ட்ஃபோலியோவில் பத்திரமாக இருக்கிறது.

கூலி சேர்த்தால் விலை ஏறிவிடும், யார் வாங்குவார்கள் என்பார்கள். கேட்டலாக் படம் எடுத்தவரிடம் ‘துணி விற்கட்டும், அப்புறம் தருகிறோம்’ என்று யாராவது சொல்வார்களா? விற்காத துணியின் நஷ்டத்தை நெசவாளர் தலையில் மட்டும் கட்டுவதற்குப் பெயர் சமூகப் பங்கேற்பா?

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்புப்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூடச் சம்பாதிப்பதில்லை. அந்தத் துணிக்குத்தான் ‘நிலைத்த வாழ்வு’ என்று நாம் டேக் மாட்டுகிறோம்.

சாயக்கழிவு சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. சென்னிமலையிலிருந்து அதிக தூரமில்லாத ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டியது. அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயத்தண்ணீர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குக் காரணம் எந்த டிசைனரின் மனசாட்சியும் இல்லை, வழக்குப் போட்டு விடாமல் நின்ற நொய்யல் விவசாயிகள். ஆற்றுக்குச் சட்டம் தேவைப்பட்டது என்றால், கூலிக்கு மட்டும் நம் அன்பு போதுமா?

அதனால் நான் கேட்பது ஒரே ஒரு வரி. மாதிரி நெய்யும் நாளுக்கும், பாவு ஏற்றும் நாளுக்கும், தார் சுற்றும் கைக்கும் இவ்வளவு கூலி என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும். இனி அந்த வரி இல்லாத தாளில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.

டிசைன் படித்துவிட்டு இந்த வேலைக்கு வர நினைக்கிறீர்களா? நேர்காணலில் உங்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: தறி நிற்கிற நாளுக்கு யார் கூலி கொடுப்பது? நான் கேட்காமல் சேர்ந்தவன்.