பூனைக்கு எங்கே அஞ்ச வேண்டும்?

நம் பகுதி வீடுகளில் பூனையைப் பற்றிய அச்சத்துக்குக் குறைவில்லை. குறுக்கே போனால் புறப்பட்ட காரியம் கெடும் என்பர். அதன் முடி வயிற்றுக்குள் போனால் இளைப்பு நோய் வரும் என்பர். மருமகள் கருவுற்றாள் என்று தெரிந்ததும், பூனையைச் சாக்கில் கட்டி ஏரிக்கரைக்கு அப்பால் விட்டு வருவோரும் உண்டு. அதே பூனை குழந்தையின் கையில் பல் பதியக் கடித்தால் மட்டும், "பூனைதானே!" என்று மஞ்சளை அப்பிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்த அச்சம் இடம் மாற வேண்டும் என்பது என் கருத்து.

குற்றத்தில் ஒரு பங்கு மொழிக்கும் உண்டு. ரேபிஸ் என்னும் நோயைத் தமிழில் வெறிநாய்க்கடி நோய் என்று வழங்குகிறோம். பெயரிலேயே நாய் நிற்பதால், மற்ற விலங்குகள் கடித்தால் அந்நோய் வராது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இந்தியாவில் அது மிகப் பெரும்பாலும் நாயால் பரவுவது உண்மையே. ஆயினும் இரவெல்லாம் வைக்கோற்போரிலும் கூரையிலும் சுற்றி, தெருநாயிடம் சிக்கித் தப்பி, விடியற்காலையில் அடுப்படிக்குத் திரும்பும் பூனை எங்கெங்கே போய் வந்தது என்பதை யார் அறிவார்? நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பதே நம் கையில் இருக்கிறது.

கடித்த இடத்தை உடனே குழாய் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது சொல்வதற்குச் சிறிது. கழுவும்போதுதான் அதன் நீளம் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். இறுகக் கட்டுப்போடவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். இரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. பல் பதிந்து இரத்தம் வந்திருந்தால், காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் செலுத்துவர். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், பின்னர் 3, 7, 28 ஆம் நாட்களிலும் ஊசி போட வேண்டும். வலி தீர்ந்ததென்று கடைசி ஊசியை விட்டுவிடுவது தவறு.

"பத்து நாள் பூனையைக் கவனிப்போம், செத்தால் ஊசி போட்டுக்கொள்வோம்" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். பத்து நாள் கவனிப்பது சரிதான். ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிக்க வேண்டும். பூனை நலமாகவே இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் முதியோரிடம் இருக்கிறது. அது ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட பழைய மருந்து. இந்தியாவில் 2004 இன் முடிவோடு அதன் தயாரிப்பு நின்றுபோயிற்று. இப்போது போடுவது கையில்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பூனையைத் தடவியதற்கோ, காயமில்லாத தோலை அது நக்கியதற்கோ ஊசி தேவையில்லை.

ரேபிஸ் ஒருபுறமிருக்க, பூனையின் பல் ஊசிபோன்றது. மேலே சிறு துளை மட்டுமே தெரியும். உள்ளே கிருமி ஆழத்தில் இறங்கியிருக்கும். மறுநாளே கை வீங்கிச் சிவந்துவிடலாம். நீரிழிவு உடையோர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்போர், எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஒரு பொழுதும் தாமதிக்கலாகாது. குட்டிப் பூனை கீறிச் சில வாரங்களுக்குள் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டிக் காய்ச்சல் வருவதும் உண்டு. கழுத்தில் கட்டி என்றால் நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் நினைப்பர். ஆகவே வீட்டில் பூனை இருப்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி, அளவுக்கு மிஞ்சிய அச்சங்கள். முடியை விழுங்குவதால் இளைப்பு வருவதில்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் ஊறும் ஒரு புரதம் காற்றில் கலந்து, ஒவ்வாமை உள்ளவர்க்கு மட்டும் மூச்சிரைப்பைத் தூண்டுகிறது. அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் பூனையைப் படுக்கையறைக்குள் விடாதிருப்பது முதற்படி. கருவுற்ற பெண்ணுக்குக் கேடு செய்யும் டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி பூனையின் மலத்தில் இருக்கக்கூடும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வெளிவந்தவுடன் அது தொற்றாது. ஒரு நாளாவது ஆக வேண்டும். எனவே வேறொருவர் அன்றன்றே மலத்தை அள்ளிவிட்டால் போதும். சரியாக வேகாத இறைச்சியும், கழுவாத கீரையும், மண்ணளைந்த கையும் அதே கிருமியைக் கொண்டுவரும். பூனையை ஏரிக்கரையில் விட்டு வந்து, அரைவேக்காட்டுக் கறி உண்பதில் என்ன பயன்?

பூனை ஏன் கடிக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குட்டியாக இருக்கும்போது விரலை ஆட்டி விளையாடப் பழக்கினால், வளர்ந்தபின் விரலையே இரையாகக் கொள்ளும். கடிக்குமுன் அது காதைப் பின்னுக்கு மடிக்கும், வாலைச் சுழற்றி அடிக்கும். அப்போது கையை எடுத்துவிட வேண்டும். சாதுவான பூனை திடீரென்று கடித்தால் அதற்கு எங்கோ வலிக்கிறது என்று கொள்ளலாம். காரணமின்றிப் பாய்ந்தாலோ, எச்சில் ஒழுகினாலோ அருகே போகாதீர்கள். கடுவன் பூனை முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வராவிட்டால் அது அவசர நிலை. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடக்கூடும். நோயாளி உள்ள வீட்டில் மாத்திரைகள் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

பசுவுக்கு ஊசி போடக் கால்நடை மருத்துவரைத் தேடும் நாம், பூனைக்கு என்று ஒருமுறையும் போனதில்லை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசி போடலாம். பின்னர் ஆண்டுதோறும் தொடர வேண்டும். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் மதகடிப்பட்டிலிருந்து எட்டாத தூரமன்று. காற்றுப் புகும் மூடியுள்ள கூடையில் பழைய துணி விரித்துப் பூனையை உள்ளே விட்டு, மேலே மெல்லிய துணி போர்த்தி எடுத்துச் சென்றால் வழியில் மிரளாது.