மன்னிப்பு கோழைக்கு உரியதா?

பூசை முடிந்து வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே பேச்சு மாறிவிடுகிறது. "மன்னிச்சு மன்னிச்சுதான் நம்ம தலையில எல்லாரும் மிளகாய் அரைக்கிறான். ஒரு தடவை திருப்பிக் குடுத்தாத்தான் பயம் இருக்கும்" என்கிறார் ஒருவர். நாலு பேர் தலையாட்டுகிறார்கள். கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அதே வாயால் பரலோக மந்திரம் சொல்லியிருக்கிறார்கள். அதில் நமக்கு நாமே ஒரு நிபந்தனை போட்டுக்கொள்கிறோம் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

மடக்கிக் கேட்டால், "கண்ணுக்குக் கண் என்று வேதாகமத்திலேயே இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அதற்கும் முன்னால், ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தில் லாமேக்கு என்று ஒருவன் வருகிறான். தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றுவிட்டு, காயீனுக்கு ஏழு பழி என்றால் எனக்கு எழுபத்தேழு என்று மனைவிமார் இருவரிடமும் பெருமை பேசியவன். ஒரு காயத்துக்கு ஓர் உயிர் என்று ஓடிய அந்தக் கணக்குக்கு மோசேயின் சட்டம் கடிவாளம் போட்டது: ஒரு கண்ணுக்கு ஒரு கண்ணுக்கு மேல் எடுக்காதே. பிறகு ஏழு தடவை மன்னித்தால் போதுமா என்று இராயப்பர் கேட்டபோது, ஆண்டவர் எழுபது தடவை ஏழு என்றார். சில மொழிபெயர்ப்புகளில் எழுபத்தேழு என்றே இருக்கிறது. லாமேக்கின் கணக்கை அவர் அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டார். கண்ணுக்குக் கண் என்று சொல்பவர்கள் வழியில் பாதியிலேயே இறங்கிக்கொண்டவர்கள்.

கோழைத்தனம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கடன் தள்ளுபடி ஆணைகள் எத்தனையோ என் கையால் எழுதி அனுப்பியிருக்கிறேன். தள்ளுபடியான தொகை காற்றில் கரைந்துவிடுவதில்லை; கொடுத்தவர் கணக்கில் நட்டமாக ஏறும். மன்னிப்பும் அப்படித்தான், நட்டத்தை மன்னிக்கிறவர் சுமக்கிறார். நம் பழைய செபங்களில் மன்னிப்பதற்குப் 'பொறுத்தல்' என்ற சொல்தான் இருந்தது. பாரம் பொறுப்பதற்கும் அதே சொல். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் 'பார்தோன்' என்பார்கள். அதற்குள் 'தோன்', அதாவது கொடை என்ற சொல் ஒளிந்திருக்கிறது. (தெருவில் தோள் இடித்தாலும் அதே 'பார்தோன்'தான். சொல் மலிந்துவிட்டது, என்ன செய்வது!)

அருட்சகோதரி ராணி மரியாவின் குடும்பத்தைக் கோழைகள் என்று யாராவது சொல்லட்டும், பார்ப்போம். கேரளத்துப் பெண். மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளை வட்டிக்காரர்கள் பிடியிலிருந்து மீட்க உழைத்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூருக்குப் போகும் பேருந்தில் சமுந்தர் சிங் என்பவன் அவரைக் குத்திக் கொன்றான். உடம்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். அவனுக்கு ஆயுள் தண்டனை. தன்னைத் தூண்டிவிட்டவனைப் பழிவாங்கும் எண்ணத்தை அவனும் சிறையில் வளர்த்துக்கொண்டிருந்தானாம். பழி என்றைக்கு ஒரு கொலையோடு நின்றது?

2002-இல் ராணி மரியாவின் தங்கை, அவரும் கன்னியாஸ்திரிதான், சிறைக்குப் போய் அவன் கையில் ராக்கி கட்டினார். அடுத்த வருடம் தாயார் போனார். மகளைக் குத்திய அந்தக் கைகளைப் பிடித்து முத்தமிட்டார். நானும் பிள்ளை பெற்றவன்தான். அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்க்கவே மனம் நடுங்குகிறது. வாசலில் மீசை முறுக்கும் நம் வீரர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்? அவன் பதினொரு வருடம் சிறையில் இருந்து, குடும்பத்தாரும் சபையாரும் கேட்டுக்கொண்டதன் பேரில் 2006-இல் விடுதலையானான். சட்டம் தன் வேலையைச் செய்தது, மன்னிப்பு அதைத் தடுக்கவில்லை. குற்றவாளியைப் போலீசில் ஒப்படைத்தால் மன்னிக்காத பாவம் வந்துவிடுமோ என்று பயப்படும் நல்லவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பழிவாங்கச் சொல்பவர்களை விட எனக்கு அதிகக் கோபம் வேறொரு கூட்டத்தின் மேல். அடுத்தவர் பட்ட காயத்தைத் தாங்கள் மன்னித்துவிடும் தாராளப் பிரபுக்கள். குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடம், "மன்னிச்சுடும்மா, ஏசு மன்னிக்கலையா?" என்று மருமகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். சொத்தை அமுக்கிக்கொண்ட அண்ணன், ஏமாந்த தம்பிக்கு வேத வசனம் சொல்கிறான். ராணி மரியாவின் தாயார் சிறைக்குப் போனார் என்றால், அந்தக் காயம் அவருடையது. அதை மன்னிக்கும் உரிமையும் அவருடையது. உங்கள் கன்னத்தைக் காட்டுங்கள் என்றுதான் ஆண்டவர் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கன்னத்தை அல்ல.

அந்த மருமகளுக்கு முதலில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறையும் இரண்டு வேளைச் சோறும் ஏற்பாடு செய்யுங்கள். மன்னிப்பதைப் பற்றி அவளும் ஆண்டவரும் பேசிக்கொள்ளட்டும்.