ஏலாதா, விருப்பமில்லையா?

புதிய கேம் ஒன்றை ஏற்றிவிட்டு செட்டிங்ஸுக்குள் போனால், டிஎல்எஸ்எஸ் என்ற வரி சாம்பல் நிறத்தில் கிடக்கும். கிளிக் பண்ணினால் அசையாது. உங்கள் கார்டுக்கு அந்த வசதி இல்லை என்று அர்த்தம். மட்டக்களப்பில் கேம் விளையாடும் நம்மில் பலருக்கு இந்தச் சாம்பல் வரி பழகிப்போய்விட்டது. பழகியதாலேயே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டோம். இந்தக் கார்டில் அது ஓட ஏலாதா? இல்லாட்டி ஓடவிட கம்பனிக்கு விருப்பமில்லையா?

இரண்டும் ஒன்றல்ல. ஏலாது என்றால் அது பொறியியல். விருப்பமில்லை என்றால் அது வியாபாரம். வியாபார முடிவுக்குப் பொறியியல் உடுப்புப் போட்டுக் காட்டினால், காசு போவது நம் பொக்கெற்றிலிருந்து. மூடிய தொழில்நுட்பத்தின் மீது எங்களுக்கு இருக்கும் முதல் குறை இதுதான்: கம்பனி சொல்வது எந்த வகை என்று பரிசோதிக்க அது வழி விடுவதில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். டிஎல்எஸ்எஸ் என்பது என்விடியா 2018 இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோடு கொண்டுவந்த உத்தி. படத்தைச் சிறிய அளவில் வரைந்து, பிறகு செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கித் தெளிவாக்கும். கார்டுக்கு வேலை குறையும், ஃபிரேம் கூடும். யோசித்துப் பார்த்தால் இது அதிகம் தேவைப்படுவது பழைய, பலம் குறைந்த கார்ட் வைத்திருப்பவருக்கு. ஆனால் ஓடுவது ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டும். மருந்து இருக்கிறது, அது சுகமாக இருப்பவருக்குத்தான் என்பது போல.

சரி, புதுக் கார்ட் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். 2016 இல் ஜிடிஎக்ஸ் 1060 வந்தபோது 6 ஜிபி கார்டின் அறிமுக விலை 249 டொலர். அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 145 ரூபா. அதாவது சுமார் 36,000 ரூபா. அதே இடத்துக்கு 2023 ஜூனில் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 இன் அறிமுக விலை 299 டொலர். டொலரில் கூடியது 50 தான். ஆனால் 2022 நெருக்கடிக்குப் பிறகு நமக்கு ஒரு டொலர் 300 ரூபாவுக்கு மேல். ஆக 90,000 தாண்டுகிறது. கப்பல் செலவு, வரி, கொழும்பு யூனிட்டி பிளாசாக் கடைக்காரரின் லாபம், அங்கிருந்து இங்கே வரும் பார்சல் காசு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. அந்த ஏழு வருஷத்தில் உங்கள் வீட்டுச் சம்பளம் இரண்டரை மடங்கு கூடியதா என்று அப்பாவிடமே கேட்டுப் பாருங்கள்.

ஆகவே இங்கே ஒரு கார்ட் ஏழெட்டு வருஷம் உழைத்தாக வேண்டும். ஏறாவூரில் ஒருவர் விற்க, களுவாஞ்சிகுடியில் இன்னொருவர் வாங்கி, ஃபேன் மாற்றி, பேஸ்ட் பூசி, மறுகா அது படுவான்கரையில் ஒரு தம்பியின் மேசைக்குப் போகும். 2022 செப்டெம்பரில் எதேரியம் மைனிங் நின்றபிறகு உலகச் சந்தையில் வந்து கொட்டிய பாவித்த கார்டுகளை நம்பித்தான் பலபேர் கேமுக்குள்ளேயே வந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு சொஃப்ட்வெயார் வசதி பழைய கார்டில் ஓடுமா ஓடாதா என்பது ரசிகர் சண்டைக்குரிய விஷயம் இல்லை. ஒரு பொருளின் ஆயுசு எவ்வளவு என்ற கேள்வி.

2021 ஜூனில் ஏஎம்டி தன் எஃப்எஸ்ஆரை வெளியிட்டது. அறிமுகப்படுத்தும்போது அவர்கள் ஓட்டிக் காட்டிய கார்டுகளில் ஒன்று போட்டிக் கம்பனியின் ஜிடிஎக்ஸ் 1060. காட்ஃபோல் கேமில் 27 ஆக இருந்த ஃபிரேம் 38 ஆனது. அடுத்த மாதமே மூலக்குறியீட்டை எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், எந்தக் கார்டிலும் ஓட்டலாம். என்விடியா தன் சொந்த வாடிக்கையாளரை விட்ட இடத்தில் எதிர்க்கம்பனி வந்து கைகொடுத்தது.

என்விடியா பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. டிஎல்எஸ்எஸ் ஓடுவதற்கு டென்சர் கோர் என்ற தனி உறுப்பைப் பயன்படுத்துகிறது. 1060 இல் அது கிடையாது. முதலாவது எஃப்எஸ்ஆரோடு ஒப்பிட்டால் படத்தின் தரமும் டிஎல்எஸ்எஸ்ஸில் மேல். வருஷக்கணக்கில் ஆராய்ச்சிக்குக் காசு போட்ட கம்பனி அதை விற்று உழைக்கத்தான் வேண்டும். இதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் இதே கம்பனி “ஏலாது” என்று சொன்ன வேறு இரண்டு இடங்களைப் பார்த்தால், அந்த வார்த்தையை அப்படியே நம்பத் தோன்றாது.

முதலாவது ஜி-சிங்க். திரையும் கார்டும் ஒரே தாளத்தில் ஓடி, படம் கிழியாமல் தெரிவதற்கான தொழில்நுட்பம். 2013 இல் என்விடியா கொண்டுவந்தது. அதற்கு மொனிட்டருக்குள் என்விடியாவின் சொந்தப் பலகை இருக்க வேண்டும், ஆகவே மொனிட்டர் விலை கூடும். 2014 இல் இதே வேலையைச் செய்யும் பொதுத் தரம் வந்தது: வேசா அமைப்பின் அடாப்டிவ்-சிங்க். தனிப் பலகை தேவையில்லை. ஏஎம்டி அதை எடுத்து ஃப்ரீசிங்க் என்று பெயர் வைத்தது. என்விடியா கார்ட் வைத்திருந்தவர்கள் மட்டும் வருஷக்கணக்கில் கூடுதல் காசு கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் ஒரு டிரைவர் அப்டேட் வந்தது. அந்த ஒரே அப்டேட்டோடு 2016 இல் வாங்கிய 1060 கூட சாதாரண ஃப்ரீசிங்க் மொனிட்டரில் வேலை செய்தது. கார்டில் ஒரு ஆணிகூடக் கழற்றவில்லை.

இரண்டாவது ஆர்டிஎக்ஸ் வொய்ஸ். மைக்கில் வரும் இரைச்சலை நீக்கும் சொஃப்ட்வெயார். 2020 இல் வந்தபோது ஆர்டிஎக்ஸ் கார்டுக்கு மட்டும் என்றார்கள். பாவனையாளர்கள் இன்ஸ்டோலர் கோப்பில் சில வரிகளை அழித்துப் பார்த்தார்கள். பழைய ஜிடிஎக்ஸிலும் ஓடியது. பிறகு கம்பனியே ஜிடிஎக்ஸுக்கும் அதிகாரபூர்வமாகத் திறந்தது. அங்கே பூட்டாக இருந்தது அந்தச் சில வரிகள்தான்.

ஒரு கம்பனி மற்றவர்களைவிட நல்ல பொருள் செய்து ஜெயிப்பது போட்டி. மற்றவர் வரும் வழியை அடைத்து ஜெயிப்பது வேறு. 2015 இல் த விட்சர் 3 வந்தபோது அதிலிருந்த ஹெயார்வேர்க்ஸ் என்ற என்விடியாவின் முடி வரையும் தொழில்நுட்பம் ஏஎம்டி கார்டுகளைத் திணறடித்தது. குறியீடு மூடியிருந்ததால் ஏஎம்டியால் உள்ளே பார்த்துத் திருத்த முடியவில்லை. கடைசியில் ரசிகர்களே டிரைவரில் டெசலேஷன் அளவைக் குறைத்துச் சமாளித்தார்கள். 2018 மார்ச்சில் ஜீஃபோர்ஸ் பார்ட்னர் புரோகிராம் பற்றிய செய்தி வெளியானது. கார்ட் தயாரிக்கும் கம்பனிகள் தங்கள் பிரபலமான கேமிங் பெயர்களை என்விடியா கார்டுகளுக்கு மட்டும் ஒதுக்க வேண்டிவரும் என்பது அதிலிருந்த குற்றச்சாட்டு. வெளிப்படைத்தன்மைக்காகத்தான் திட்டம் என்றது என்விடியா. ஏசஸ் கம்பனி ஏஎம்டி கார்டுகளுக்கு ஆரெஸ் என்று புதுப் பெயர்கூட வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதம் திட்டத்தையே கைவிட்டார்கள்.

இதை வாசித்துவிட்டு “அப்ப ஏஎம்டிதான் நல்லவங்கள்” என்று கொடி பிடிக்கத் தேவையில்லை. பச்சையா சிவப்பா என்ற சண்டை விஜய் - அஜித் சண்டை மாதிரித்தான். அடிபடுவது ரசிகர், உழைப்பது தயாரிப்பாளர். 2023 இல் ஏஎம்டி அனுசரணையோடு வந்த ஸ்டார்ஃபீல்டில் வெளியீட்டு நாளில் டிஎல்எஸ்எஸ் இல்லை. தடுக்கவில்லை என்று ஏஎம்டி சொன்னது. ஆனால் தனி ஒரு மொடர் சில நாளில் சேர்த்துக் காட்டிய வசதி அதிகாரபூர்வமாக வர நவம்பர் ஆனது. 2022 இல் என்விடியா ஸ்ட்ரீம்லைன் என்ற திறந்த இணைப்பை முன்வைத்தபோது இன்டெல் சேர்ந்தது, ஏஎம்டி சேரவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய உதாரணம் எஃப்எஸ்ஆர் 4. 2025 இல் ஏஎம்டியும் செயற்கை நுண்ணறிவுக்கு மாறியபோது, அது புதிய ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கு மட்டும் என்று ஆனது. அந்த ஓகஸ்டில் அதன் மூலக்குறியீடு தவறுதலாக வெளியே வந்துவிட்டது. ஆர்வலர்கள் அதை எடுத்துப் பழைய ஆர்எக்ஸ் 6000, 7000 கார்டுகளில் ஓட்டினார்கள். வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஓடியது. பின்தங்கியிருந்தபோது கதவைத் திறந்து வைத்த கம்பனி, தரம் கூடியதும் சாத்தப் பார்த்தது. திறந்த மனசு என்பது கம்பனியின் குணம் இல்லை, அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இன்று தனியாக விற்கும் கிராபிக்ஸ் கார்டுகளில் பத்துக்கு ஒன்பது என்விடியாவுடையவை. நாளைக்கு ஏஎம்டி அந்த இடத்துக்கு வந்தால் அதுவும் இதையே செய்யும்.

அதனால் கம்பனியை நம்புவதற்குப் பதிலாக, கம்பனி மனம் மாறினாலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாத ஏற்பாடுகளை நம்ப வேண்டும். ஏஎம்டி 2013 இல் மேண்டில் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தைக் கொண்டுவந்தது. தனியே அது நிலைக்கவில்லை. ஆனால் அதைப் பொதுத் தர அமைப்பான க்ரோனோஸிடம் கொடுத்தார்கள். அதன் மேல் கட்டப்பட்ட வல்கன் 2016 பெப்ரவரியில் வந்தது. வல்கனை வைத்துத்தான் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் டிஎக்ஸ்விகேயும் வால்வின் புரோட்டோனும் உருவாகின. 2022 இல் வந்த ஸ்டீம் டெக் நிற்பது அந்த அத்திவாரத்தில்.

மூடியது என்ன ஆகும் என்பதற்கு பிசிக்ஸ். 2008 இல் என்விடியா வாங்கிய தொழில்நுட்பம். உடையும் கண்ணாடி, பறக்கும் புகை எல்லாம் அதன் வேலை. 2025 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை பழைய 32 பிற் பிசிக்ஸைக் கைவிட்டது. மிரர்ஸ் எட்ஜ், போர்டர்லேண்ட்ஸ் 2 மாதிரிப் பழைய கேம்கள் புத்தம்புது விலையுயர்ந்த கார்டில் தடுமாறின. சத்தம் போட்ட பிறகு சில கேம்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். விளையாட்டை வாங்கியது நீங்கள். அது எத்தனை காலம் ஓடும் என்று முடிவெடுப்பது வேறு யாரோ.

தமிழ் வாசிக்கும் நமக்கு இது புதுக் கதை இல்லை. பாமினியில் அடித்த கோப்பை பாமினி இல்லாத கணினியில் திறந்து பார்த்த எல்லோருக்கும் தெரியும்: தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை. ஒவ்வொரு பத்திரிகைத் தளமும் முதலில் தன் எழுத்துருவை இறக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. யுனிகோட் 1991 இலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தாலும் எல்லோரும் அதற்கு மாற வருஷங்கள் எடுத்தன. மாறியதால்தான் இன்று எந்தப் போனிலும் தமிழ் தெரிகிறது. யுனிகோட் வந்ததால் எழுத்துரு செய்பவர்களின் போட்டி செத்துவிடவில்லை. யாருடைய எழுத்து அழகு என்று இன்றும் போட்டிதான். எழுத்தின் குறியீடு பொது, எழுத்தின் வடிவம் போட்டி. கிராபிக்ஸிலும் நாங்கள் கேட்பது இந்தப் பிரிப்பைத்தான். கேமும் கார்டும் பேசும் மொழி பொதுவாக இருக்கட்டும். யாருடைய சிப் வேகம், யாருடைய படம் தெளிவு என்பதில் போட்டி போடட்டும். மைக்ரோசொஃப்ட் 2024 இல் அறிவித்த டைரக்ட்எஸ்ஆர் மூன்று கம்பனிகளின் உத்திகளையும் ஒரே வழியால் அழைக்கும் முயற்சி. விண்டோஸுக்குள் அடங்கியது என்றாலும் திசை சரி.

இது தானாக நடக்காது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய போன்களுக்கு யூஎஸ்பி-சி கட்டாயம் என்றது. ஐபோன் அதற்கு முன்பே மாறிவிட்டது. பலன் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. நம் வீட்டிலும் எல்லாப் போனுக்கும் ஒரே வயர். நம்முடையது சின்னச் சந்தை, நாம் கத்தினால் கலிபோர்னியாவுக்குக் கேட்காது. ஆனால் பெரிய சந்தைகளில் எழும் கோரிக்கையோடு நம் குரலையும் சேர்க்கலாம். நம் கையில் இருக்கிற சில வேலைகளும் உண்டு.

வாங்குபவர்கள் ஃபிரேம் எண்ணிக்கையோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள்: இந்த வரிசைக்கு டிரைவர் எத்தனை வருஷம் வரும், இந்த வசதி வேறு கார்டிலும் ஓடுமா. என்விடியா 2025 ஒக்டோபரோடு ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கான புதிய கேம் டிரைவர்களை நிறுத்திவிட்டது. 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். பாவித்த கார்ட் வாங்கும்போது இது விலையில் குறைய வேண்டிய விஷயம். தயங்காமல் பேரம் பேசுங்கள்.

கேம் செய்யப் பழகும் தம்பி தங்கச்சிமாருக்கு: எந்தக் கருவியில் பழகுகிறீர்கள் என்று யோசியுங்கள். 2023 செப்டெம்பரில் யூனிட்டி கம்பனி ஒவ்வொரு இன்ஸ்டோலுக்கும் கட்டணம் என்று திடீரென்று அறிவித்து, ஒரு வருஷம் கழித்து அதை வாபஸ் வாங்கியது. கோடோ எஞ்சின் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, இலவசம், அதற்குள்ளேயே எஃப்எஸ்ஆர் இருக்கிறது. நீங்கள் செய்யும் கேம் படுவான்கரையில் இருக்கும் அந்தப் பழைய 1060 இலும் ஓட வேண்டும் என்று முதல் நாளே முடிவெடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.