யாரால் கருதப்படுகிறது?

என் தங்கையின் பேத்தி எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். மறுநாள் பரீட்சை. "தாத்தா, கேள்வி கேளுங்க, ஒப்பிக்கிறேன்" என்றாள். பாடம்: கல்விசார் எழுத்தின் வகைகளும் பண்புகளும்.

கேட்டேன். மூச்சு விடாமல் சொன்னாள். வகைகள் நான்கு: விவரித்தல், பகுத்தாய்தல், வலியுறுத்தல், விமர்சித்தல். பண்புகள்: தெளிவு, துல்லியம், சான்று காட்டல், சார்பின்மை... ஒன்றையும் விடவில்லை.

"சரிம்மா, இந்த நாலு வகையில நீ எத்தனை எழுதியிருக்கே?"

"எழுதலை தாத்தா. இது தியரி பேப்பர்."

நீச்சலில் எத்தனை வகை என்று ஒப்பித்துவிட்டுக் கிணற்றையே எட்டிப் பார்க்காதவன் கதைதான். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். மார்க் அதற்குத்தான் கிடைக்கிறது.

பரீட்சை முடிந்ததும் தன் திட்டக்கட்டுரையின் முதல் அத்தியாயத்தைக் கொண்டுவந்தாள். புதுச்சேரியில் பாரதியார் இருந்த காலம் பற்றியது. முதல் வாக்கியமே இப்படி: "பாரதியின் புதுச்சேரி வாழ்க்கை அவரது படைப்புகளின் பொற்காலமாகக் கருதப்படுகிறது."

"யாரால்?" என்று கேட்டேன்.

விழித்தாள். "அப்படித்தான் எழுதணும் தாத்தா. 'நான்'னு வரக்கூடாது. சார்பின்மை போயிடும்."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் அல்ல. கோபத்துக்குக் காரணம் என் பழைய கணக்கு ஒன்று. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அரசு அலுவலகத்தில் 35 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். சேர்ந்த புதிதில், இறந்துபோன ஊழியர் ஒருவரின் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்தார். ஃபைல் என் மேஜைக்கு வந்தது. நான் எழுதிய குறிப்பு ஆங்கிலத்தில், தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஆவணங்கள் போதுமானவையாக இல்லை எனக் காணப்படுகிறது." ஃபைல் திரும்பிப் போனது. அந்த அம்மா வந்தார், போனார், மறுபடி வந்தார். எந்த ஆவணம் போதவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. ஏழு மாதம் கழித்து சூப்பரிண்டெண்டென்ட் என்னைக் கூப்பிட்டு, "காணப்படுகிறதுன்னு எழுதியிருக்கியே, யார் கண்ணுக்குக் காணப்படுகிறது?" என்றார்.

விஷயம் அற்பம். கல்யாணப் பதிவில் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருந்தது, சர்வீஸ் புத்தகத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டலில். பிரெஞ்சு படித்த நான் ஒரே வரியில் "இரண்டும் ஒருவர் பெயரே" என்று எழுதி இனிஷியல் போட்டிருக்கலாம். போட்டால் நான் பொறுப்பு. "காணப்படுகிறது" என்றால் யாரும் பொறுப்பில்லை. அந்த ஏழு மாதம் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்டதில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

ஆகையால் "கருதப்படுகிறது" என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு அந்த அம்மா முகம்தான் தெரியும். இதைச் சார்பின்மை என்கிறார்கள். ஆள் ஒளிந்துகொள்வதற்குப் பெயரா சார்பின்மை?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். செய்வினை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உப்பு நீரில் கரைக்கப்பட்டது என்று ரசாயன மாணவன் எழுதினால் யார் கரைத்தார் என்று நான் கேட்க மாட்டேன். யார் கரைத்தாலும் கரையும். ஆனால் ஒரு காலம் பொற்காலமா இல்லையா என்பது அப்படித் தானாகக் கரையும் உப்பு அல்ல. யாரோ ஒருவர் யோசித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்களுக்கும் கட்டுரையில் 'ழெ', அதாவது 'நான்', கூடாதென்றுதான் சொன்னார்கள். 'ஓன்' என்றோ 'நூ' என்றோ பட்டும்படாமல் எழுதினோம். ஆனால் தப்பிக்க முடியாது. 'திசெர்த்தாசியோன்' என்ற அந்தக் கட்டுரையில் முதலில் ஒரு பக்கத்து வாதம், அடுத்து எதிர்ப்பக்கத்து வாதம், கடைசியில் இரண்டையும் எடைபோட்ட முடிவு. முடிவு இல்லாமல் தாளைக் கொடுத்தால் முசியே சிவப்பு மையில் "கி?" என்று எழுதுவார். "யார்?" என்று அர்த்தம். தெக்கார்த் 1637-இல் தன் புகழ்பெற்ற நூலை லத்தீனை விட்டுப் பிரெஞ்சில் எழுதினார்; தான் படித்த படிப்பையும் தனக்கு வந்த சந்தேகங்களையும் 'நான், நான்' என்றே சொன்னார். அதனால் அந்த நூலின் தரம் குறைந்துவிடவில்லை.

பிரெஞ்சுக்காரன் புகழ் பாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நம்மிடமே இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டு நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூல் எழுதுகிறவனுக்கு ஏழு மதங்கள் சொல்கிறார். பிறர் கருத்தை ஒப்புக்கொள்வது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தானே ஒன்றைச் சொல்லி நிலைநாட்டுவது, இருவர் மாறுபட்டால் ஒருவர் பக்கம் துணிவது, பிறர் நூலில் குற்றம் காட்டுவது, எவரோடும் சேராமல் தன் கருத்தைக் கொள்வது. ஏழுக்கும் ஆள் வேண்டும். "கருதப்படுவது" என்று எட்டாவதாக ஒன்று அதில் இல்லை. தமிழ் எம்.ஏ. வகுப்பில் நன்னூலும் பாடம், இந்த நான்கு வகையும் பாடம். இரண்டும் ஒரே விஷயம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு அவளை உட்காரவைத்து அந்த ஒரு வாக்கியத்தையே எடுத்துக்கொண்டோம். பாரதியார் 1908-இல் வந்தார், 1918-இல் போனார். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-இல் வெளிவந்தது. கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் இந்த ஊரில்தான் பிறந்தன. இது விவரித்தல். ஆனால் 'இந்தியா' பத்திரிகை ஆங்கிலேயர் தடையால் 1910-இல் நின்றுபோனது. கவிஞனுக்கு வரவு, பத்திரிகைக்காரனுக்குச் செலவு என்று பிரித்துப் பார்த்தாள். இது பகுத்தாய்தல். பொற்காலம் என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் செலவுப் பக்கத்தைப் பார்ப்பதில்லை என்றாள். இது விமர்சித்தல். பத்திரிகை நின்றதால்தான் கவிதைக்கு நேரம் வந்தது என்று ஒரு பக்கம் சாய்ந்தாள். இது வலியுறுத்தல். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. இருந்தாலும் அது அவள் துணிவு. நான்கும் நான்கு தனி டப்பாக்கள் அல்ல. ஒரே கட்டுரைக்குள் ஏறவேண்டிய படிகள். மாலைக்குள் அதை அவளே கண்டுபிடித்தாள்.

வாக்கியத்தை மாற்றி எழுதினாள்: "கவிதைக்கு மட்டும் இது பொற்காலம் என்று நான் கருதுகிறேன். காரணங்கள் மூன்று."

போன வாரம் வழிகாட்டியிடமிருந்து தாள் திரும்பி வந்தது. 'நான்' சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, 'இக்கட்டுரை கருதுகிறது' என்று திருத்தம். முகம் வாடி வந்தாள். வாங்கிப் பார்த்தேன். மூன்று காரணங்களின்மேல் ஒரு கோடு கூட இல்லை. மூன்றாவதன் ஓரத்தில் "இதற்குச் சான்று?" என்று ஒரு கேள்வி மட்டும்.

"நல்ல கேள்விம்மா. 'நான்' போனால் போகட்டும். போய்ச் சான்றைத் தேடு" என்றேன். நூலகத்துக்குப் போயிருக்கிறாள்.