வெண்ட ஆட்டத்தின் பிழை

ஸ்காபரோ பேஸ்மென்ரில் இருந்த காலம், நானும் மருமகனும் ஸ்டார்கிராஃப்ட் விளையாடுவோம். தோத்தால் கொம்பியூட்டர் ஸ்லோ. வெண்டால் என்ர மூளை. 2001-இல் ஆட்டத்தைப் பதிந்து திரும்பப் பார்க்கும் வசதி வந்தது, மானம் போச்சு. தளம் எரிந்தது பத்தாவது நிமிசம். பிழை நாலாவது நிமிசத்தில்: கனிமம் 800 சும்மா கிடக்க, வேவுக்கு ஆள் அனுப்பாமல் சண்டையை ரசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வெண்ட ஆட்டங்களிலும் அதே பிழைதான். அவன் அதைவிடப் பெரிசா விட்டதால் தப்பியிருக்கிறேன். (எங்கட சனத்துக்குத் தோத்ததுக்குக் காரணம் சொல்லத் தெரியும், வெண்டதுக்குக் காரணம் தேடத் தெரியாது.) ஆகவே வெண்டதைத்தான் முதலில் திரும்பப் பார்க்க வேணும் என்பது என்ர கட்சி.

2018-இல் பியோங்சாங் இறுதியாட்டத்தில் கொரியர் ஒருவரை 4-1 என வென்ற ஸ்கார்லெட், ஒன்ராறியோவின் கிங்ஸ்டன் பிள்ளை. அந்த நாலு வெற்றியிலும் பிழை தேடினேன். பிடிபடவில்லை. என்ர கண் அவ்வளவுதான்.